சுக்கான்காரர் நாக்கில் வைத்த மண்

ஐம்பதைத் தொட இன்னும் ஒரு வயது பாக்கி. கைநிறைய வேலை, கலகலப்பான மனைவி, படுத்தால் உடனே தூக்கம். இத்தனையும் வாய்த்த ஒரு மனிதர், தமக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கமாட்டேன் என்கிறார்களே என்று ஆறு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவர் மனைவிக்கும் வந்தது. "பட்டப்பேர் வச்சுட்டாங்கன்னு சண்டைக்குப் போறவங்களைப் பார்த்திருக்கேன். வைக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்பார்.

அவர் தொழில் மண் பார்ப்பது. ஓர் இடத்தில் கட்டடமோ பாலமோ எழும்புவதற்கு முன்னால், துளை போடுகிற இயந்திரத்தோடு அங்கே போய் இறங்குவார். நாற்பது அடி, அறுபது அடி என்று குழாயை உள்ளே விட்டு, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் வருகிற மண்ணைப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பார். ஆய்வுக்கூடத்தில் அதே மண்ணைக் காயவைத்து, சலித்து, எடை போட்டு முடிவு சொல்லப் பத்து நாள் ஆகும். அவருக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்ப்பார், முகர்வார், யாரும் பார்க்காத சமயம் முன்பல்லில் வைத்து நறநறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. பத்து நாள் கழித்து வருகிற தாளும் அதையேதான் சொல்லும். இருபத்தெட்டு வருஷமாக இப்படியே. வேலையிடத்தில் எல்லாரும் அவரை மண்ணு சார் என்று கூப்பிட்டார்கள். அது தொழிலுக்கு வைத்த பெயர். அவர் கேட்டது வேறு.

குழாய் இறங்குகிற வேகம் இருக்கிறதே, அது ஆமையைவிட மோசம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மணிக்கணக்கில் சும்மா இருப்பதுதான் வேலை. அப்படி ஒருநாள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, கிரேன் ஓட்டுகிறவர் விட்டுப்போன ஒரு தடிமனான புத்தகம் கையில் கிடைத்தது. முதல் நாற்பது பக்கம் காணோம். மிச்சத்தில் டிராகன் இருந்தது, பேசுகிற வாள் இருந்தது, சபிக்கப்பட்ட ஒரு ராணி இருந்தாள். போச்சு! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. மந்திரக்கதை என்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டார். பக்கம் ஆயிரத்துக்குக் குறைந்தால் அவருக்கு அது துண்டுப் பிரசுரம்.

அந்தப் பைத்தியம்தான் அவரை மந்திரக்கதைப் பிரியர்களின் சபை ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற சரக்கு அறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எட்டுப் பேர் கூடுவார்கள். இருமல் மருந்துப் பெட்டிகள்தான் நாற்காலி. மந்திரம் உள்ள கதையை மட்டும் பேசுவது என்பது முதல் விதி. மந்திரமில்லாத எதையாவது கொண்டுவந்து சபையின் நேரத்தை வீணாக்கியவர் மூன்று மாதம் எல்லாருடைய டீக் கோப்பையையும் கழுவவேண்டும். இரண்டாவது விதிதான் மண்ணு சாரின் நிம்மதியைக் கெடுத்தது. ஓர் உறுப்பினர் பேசி, ஒரு விஷயத்தில் அறையிலிருக்கிற அத்தனை கையையும் ஒரே பக்கம் தூக்கவைத்தால், அன்றைக்கு அவருக்குச் சபை ஒரு பெயர் சூட்டும். அதுவரை அவர் 'புதுசு'.

கடையை நடத்துகிற அக்காவுக்கு 'ஏழாம் கதவு' என்று பெயர். கணக்கு டீச்சர் 'தராசு'. விதிகளைக் காப்பாற்றுகிறவர் அவர்தான். தபால்காரர் 'சாம்பல்வேந்தன்'. இவர்களோடு தையற்கடை நடத்துகிற கணவனும் மனைவியும், வாயைத் திறக்காத அக்கா தங்கை இரண்டு பேரும். அத்தனை பேருக்கும் பெயர் உண்டு. வாயையே திறக்காத தங்கைக்குக்கூட உண்டு! மண்ணு சார் மட்டும் ஆறு வருஷமாகப் புதுசு. அவர் பேசாமல் இல்லை. ஒருமுறை, சதுப்பு நிலத்தில் நிற்கிற மந்திரக் கோட்டைக்கு அஸ்திவாரம் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். இன்னொருமுறை, அத்தனை எடையுள்ள டிராகன் அந்த மணலில் இறங்கினால் இடுப்பு வரை புதையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கை மட்டும் ஏறவில்லை.

இப்போது அந்த வாய்ப்புக்கும் ஆபத்து வந்தது. வெளியூரில் பெரிய பாலம் ஒன்று கட்டப்போகிறார்கள். அங்கே இரண்டு வருஷம் தங்கவேண்டும், திங்கட்கிழமை கிளம்பு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. விட்டால், புதுசாகவே போய்ப் புதுசாகவே திரும்பி வரவேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச எடுத்துக்கொண்டது ஒரு கப்பல் படம். மருந்துக்கடை அக்கா கொண்டுவந்தது. பாய்மரக் காலத்துக் கடற்சண்டைக் கதை. மூடுபனிக்குள் ஒரு சரக்குக் கப்பல் திக்குத் தெரியாமல் நிற்கிறது. பின்னால் எதிரிக் கப்பல் துரத்தி வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல்திட்டு. அப்போது சுக்கான் பிடிக்கிற கிழவர் ஓர் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குகிறார். குண்டின் அடியில் கொழுப்புத் தடவியிருக்கிறது. மேலே இழுத்தால் அதில் கடலடி மண் ஒட்டியிருக்கிறது. அதை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "இடது பக்கம் திருப்பு" என்கிறார். கப்பல் பிழைக்கிறது. படத்தில் மூன்று தடவை இது வருகிறது.

முந்தின வாரம் அலமாரிமேல் வெள்ளைத் துணியைக் கட்டி எல்லாரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது, கிழவர் நாக்கை நீட்டின இடத்தில் மண்ணு சாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அட, நம்ம ஆளு! எழுந்து கத்தியிருப்பார், உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் பாட்டில்கள் குலுங்கின சத்தத்தில் அடங்கிவிட்டார். வாரம் முழுக்க அதே நினைப்பு. இதில் ஒரு மந்திரமும் இல்லை, வெறும் வேலை என்று நிரூபிக்க இந்த ஊரிலேயே தம்மைவிட்டால் ஆள் கிடையாது. நிரூபித்தால் எட்டுக் கையும் ஏறும். அக்கா மூன்று மாதம் கோப்பை கழுவவேண்டி வரும், பாவம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் தொடங்கினதுமே தபால்காரர் பாய்ந்தார். "அக்கா, மன்னிச்சுக்குங்க. இது சரித்திரப் படம். கயிறு, பாய், உப்புத் தண்ணி, இவ்வளவுதான் இருக்கு. மந்திரத்தை எங்க தேடுறது?"

"கிழவன் மண்ணை நக்கிட்டு இடம் சொல்றானே, அது என்ன மருந்துச் சீட்டா?" என்றார் அக்கா. "கண்ணு தெரியாத பனியில கடலுக்கு அடியில இருக்கிறது அவனுக்குத் தெரியுது. டிராகன் வந்து காதுல சொன்னாத்தான் ஒத்துக்குவீங்களோ?"

"மந்திரம்னா அதுக்கு ஒரு விலை இருக்கணும். அதுதானே நம்ம சபை வழக்கம்?" என்றார் டீச்சர்.

தையற்காரர் மனைவி அதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "விலை இருக்கு டீச்சர். நல்லாப் பார்த்தீங்களா? முதல் தடவை நக்கும்போது தாடி கறுப்பு. மூணாவது தடவை முழுசா வெள்ளை. ஒவ்வொரு தடவைக்கும் ஆயுசுல பத்து வருஷம் போகுது!"

"மேக்கப் போடுறவன் மறந்திருப்பான்மா" என்றார் தபால்காரர்.

"அப்போ சட்டையை மட்டும் மறக்கலையே? நான் தைக்கிறவ, தையல் பிரிஞ்ச இடம்கூட அதே இடத்துலதான் இருந்துச்சு."

இப்படி ஒரு மணி நேரம். மூன்று பேர் ஒரு பக்கம், நாலு பேர் ஒரு பக்கம். சாதாரண ஜனங்கள் கப்பல் படம் பார்த்தால் சண்டையைப் பேசுவார்கள், கதாநாயகனைப் பேசுவார்கள். இவர்கள் ஒரு கிழவரின் தாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மண்ணு சார் எழுந்தார்.

"நான் சொல்றேன். அது மந்திரமே கிடையாது. அதைத்தான் நான் தினமும் செய்றேன்."

தேய்ப்பதைச் சொன்னார், முகர்வதைச் சொன்னார், நறநறப்பைச் சொன்னார். "கடலடியில ஒரு இடத்துல சிப்பித் தூள் இருக்கும், ஒரு இடத்துல கறுப்புச் சேறு இருக்கும். நாற்பது வருஷம் அதே கடல்ல போய் வந்தவனுக்கு எது எங்கன்னு மனப்பாடம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் விஷயம்."

"வாயால சொன்னாப் போதாது. காட்டுங்க" என்றார் டீச்சர்.

மூன்று பேர் கீழே இறங்கிப் போனார்கள். மருந்து அளக்கிற குட்டிக் கோப்பைகளில் ஆளுக்கொரு மண்ணோடு வந்தார்கள். மண்ணு சார் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வாயில வச்சுத் தொலைக்காதீங்க. நாளைக்குக் கீழே கஸ்டமரா வந்து நிப்பீங்க!"

முதல் கோப்பையைத் தேய்த்தார். "தொட்டி மண். உரம் போட்டிருக்கு. ஆனா துணி துவைச்ச தண்ணியை இதுல ஊத்துறாங்க, சோப்பு வாசனை. செடி பிழைக்காது." தையற்காரர் தம் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

இரண்டாவது. பல்லில் வைத்தார், துப்பினார், வாய் கொப்பளித்தார். "இது ரெண்டு இடத்து மண்ணு. பாதி ஆத்து மணல், யாரோ வீடு கட்டக் கொட்டினது. மீதி, குழாய் போடத் தோண்டின பள்ளத்தோட அடியில இருந்து. வெளிக்காத்து படாத களி, சேத்து வாசனை இன்னும் போகலை. கலந்து கொண்டுவந்தா ஏமாந்துடுவேன்னு நினைச்சது தபால்காரர்தானே?"

தபால்காரர் விரலில் ஒட்டியிருந்த களியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதைத் தொட்டதும் மண்ணு சார் சிரித்தார். "இது மண்ணே இல்லை. அக்காவோட மாடிப்படித் தூசி. பெருக்கி ஒரு வாரம் இருக்கும்."

"பத்து நாள்" என்றார் அக்கா, ரோஷத்தோடு.

அறை அதிர்ந்தது. மண்ணு சார் கண்கட்டை அவிழ்த்தார். முகமெல்லாம் பிரகாசம், மீசையில் கொஞ்சம் சேறு. "பார்த்தீங்கள்ல? ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொன்னேன்ல? இப்போ கை தூக்குங்க. இது மந்திரமா, வேலையா?"

தபால்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார். "மந்திரம்தான்யா. சத்தியமா மந்திரம். இவ்வளவு நேரம் நான்தான் புரியாமப் பேசிட்டேன்."

அவருக்குப் பின்னால் தையற்காரர், அவர் மனைவி, டீச்சர், அக்கா. வாயைத் திறக்காத அக்காவும் தங்கையும் ஆளுக்கு இரண்டு கையைத் தூக்கினார்கள். ஒரு கைதான் செல்லும் என்று டீச்சர் சொன்ன பிறகு ஒன்றை இறக்கினார்கள்.

"ஐயோ, இவ்வளவு நேரம் தொண்டை கிழிய என்ன சொன்னேன்!" மண்ணு சார் தலையில் அடித்துக்கொண்டார். "மந்திரம் இல்லைன்னு சொல்லத்தானே வாயில மண்ணைப் போட்டேன்!"

டீச்சர் எண்ணி முடித்தார். "ஏழு கை. நீங்க பேசுறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு கட்சி. இப்போ ஒரே கட்சி. திருப்பினது நீங்க. உங்க கையும் ஏறினா எட்டு. பேர் உங்களுக்கு."

"நான் திருப்ப நினைச்சது அந்தப் பக்கம் இல்லையே!"

"எந்தப் பக்கம்னு விதியில இல்லை. அத்தனை கையும்னுதான் இருக்கு."

பாருங்கள், எப்பேர்ப்பட்ட இக்கட்டு! ஆறு வருஷம் ஏங்கின பொருள் கைக்கெட்டுகிற தூரத்தில். கையைத் தூக்கினால் போதும். ஆனால் அந்தக் கை ஏறமாட்டேன் என்றது. பூமிக்கடியில் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று எழுதினால் மேலே கட்டடம் நிற்காது. அந்தப் பயம் அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. "பொய் சொல்லிப் பேர் வாங்கினா எனக்கே அது ஒட்டாது. விட்டுடுங்க. புதுசாவே போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தையற்காரர் மனைவி டீயை ஊற்றிக் கொடுத்தார். அக்கா தம் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட, காரணம் தெரியாம எதுவும் தெரிஞ்சதே இல்லையா?"

"இல்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை" என்றார். பிறகு, "ஒரு தடவைதான்னு சொல்லமாட்டேன். அந்தத் தடவைதான் பெருசு."

ஒரு பள்ளிக்கூடம் கட்ட இருந்த இடம் அது. நாலு துளை போட்டார்கள். நாலிலும் நல்ல மண். குறை சொல்ல வழியில்லை. ஆனால் நாலாவது துளையின் மண்ணைத் தேய்த்தபோது அவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நிறம் சரி, வாசனை சரி, பல்லில் சரி. இன்னும் ஒரு துளை போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம் எழுதிக் கொடு என்றார்கள். என்னத்தை எழுத? 'மண்ணின் நிறம் மாறியிருக்கிறது' என்று எழுதினார். நிறம் மாறவே இல்லை. நாலடி தள்ளித் துளை போட்டார்கள். குழாய் சடாரென்று உள்ளே இறங்கியது. எப்போதோ குப்பையைக் கொட்டி மூடிய கிணறு. அதன்மேல் வகுப்பறை வந்திருக்கும்.

"எல்லாரும் தோள்ல தட்டினாங்க. நிறத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டாரேன்னு. நான் வாயைத் திறக்கலை. அந்தத் தாள் இன்னும் ஃபைல்ல இருக்கு. என் கையெழுத்தோட பொய்யி." மண்ணு சார் தம் விரல்களைப் பார்த்தார். "எப்படித் தெரிஞ்சுதுன்னு இருபது வருஷமா யோசிக்கிறேன். சத்தியமாத் தெரியலை. வீட்டுல கூடச் சொன்னதில்லை."

"தெரியலைன்னு அன்னைக்கே எழுதியிருக்கலாமே?" என்றார் தபால்காரர் மெதுவாக.

"தெரியலைன்னு எழுதினா யாரு கேப்பாங்க?"

"நாங்க கேக்குறோம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். மண்ணு சார் கண்ணை மூடினார். இப்போது கையைத் தூக்கினால் பொய்யா, தூக்காவிட்டால் பொய்யா என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். தமக்குத் தெரிந்ததில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் உண்டு, மிச்ச ஒன்றுக்குக் கிடையாது, அந்த ஒன்றை இத்தனை காலமும் வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்தோம் என்று அவருக்கே அப்போதுதான் பட்டது. சேறு காய்ந்த வலது கை மெல்ல மேலே போனது.

"எட்டு" என்றார் டீச்சர்.

பெயருக்கு ஆளாளுக்குக் கத்தினார்கள். 'மண்புழு' என்றார் தையற்காரர். மனைவி தொடையில் கிள்ளினார். இதுவரை ஒரு வார்த்தை பேசாத தங்கை, "சுக்கான்" என்றாள். அதற்கு மேல் யாரும் வேறு பெயர் சொல்லவில்லை. மண்ணு சார் அழுதுவிட்டார். வளர்ந்த மனுஷன் இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது. ஆளாளுக்கு ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பெயரைச் சொன்னார். கிணற்றுக் கதையையும் சேர்த்துச் சொன்னார். மனைவி பெயருக்குச் சிரித்தார், கதைக்குச் சிரிக்கவில்லை. "இருபது வருஷமா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா தூங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து இன்னொரு தடவை மடித்து வைத்தார்.

பாலம் கட்டுகிற இடத்தில் புதன்கிழமை மூன்றாவது துளை முடிந்தது. மண் நல்ல மண். தேய்த்தார், முகர்ந்தார், பல்லில் வைத்தார், எல்லாம் சரி. ஆனாலும் பள்ளிக்கூடத்து நாலாவது துளையில் பட்டது இங்கேயும் பட்டது. கொட்டகையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். பிறகு எழுதினார்: 'மண்ணில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆறடி தள்ளி இன்னொரு துளை போட்டுப் பார்ப்பது நல்லது.'

அங்கிருந்த இன்ஜினியர் அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். "இப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லையே, சார்."

"நானும் எழுதினதில்லைம்மா" என்றார் அவர். "ஆனா அதுதான் உண்மை."

அந்த அம்மாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், இயந்திரத்தை ஆறடி நகர்த்தச் சொன்னார்.